ரயில் சிமுலேட்டரில் கூடுதல் வழித்தடங்கள்: வரலாறும் தேர்வும்

ரயில் சிமுலேட்டர் என்பது கணினித் திரையில் ரயில் ஓட்டும் அனுபவத்தைத் தரும் மென்பொருள் ஆகும். சிக்னல், ஏற்ற இறக்கம், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்க ஆகும் தூரம் ஆகிய அனைத்தும் அதில் கணக்கிட்டுக் காட்டப்படுகின்றன. மென்பொருளோடு சில வழித்தடங்கள் சேர்ந்தே வரும். அவற்றுக்கு மேல் விலைக்கோ இலவசமாகவோ பெற்றுச் சேர்த்துக்கொள்பவை கூடுதல் வழித்தடங்கள் எனப்படும். எதை வாங்குவது என்று புதியவர்கள் திகைப்பதும், வாங்கியது இயங்காமல் ஏமாறுவதும் இங்கேதான். இதன் காரணத்தை அறிய இத்துறையின் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

தொடக்கம்

ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1996இல் 'டென்ஷா டி கோ!' என்ற விளையாட்டை வெளியிட்டது. நேரம் தவறாமல் ஓட்டி, நடைமேடையில் குறித்த இடத்தில் வண்டியை நிறுத்துவதே அதன் சவால். 2001இல் பெரிய மாற்றம் வந்தது. பிரிட்டனின் குஜு நிறுவனம் உருவாக்கிய 'மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர்' ஆறு வழித்தடங்களுடன் வெளியானது. அவற்றில் இரண்டு அமெரிக்காவிலும், இரண்டு ஜப்பானிலும், ஒன்று இங்கிலாந்திலும், ஒன்று ஆஸ்திரியாவிலும் உள்ளவை. அவற்றைவிட முக்கியமானது, தடம் அமைக்கும் கருவியும் அதனுடனேயே தரப்பட்டதுதான். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலிருந்து ஆரான் நிறுவனத்தின் 'டிரெயின்ஸ்' வெளிவந்தது. அதிலும் பயனரே தடம் அமைக்கலாம்.

இதன் பின் ஆர்வலர்கள் பலர் தத்தம் ஊர்த் தடங்களை உருவாக்கத் தொடங்கினர். மலைகளின் உயரத்துக்கு அரசு நில அளவைத் தரவுகள் பயன்பட்டன. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ரேடார் மூலம் திரட்டிய உயரத் தரவுகளும் கைகொடுத்தன. பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் ஒப்பிட்டு நிலையம், பாலம், சிக்னல் கம்பம் என ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். ஒரு தடத்துக்குப் பல மாத உழைப்பு பிடிக்கும்.

நின்றதும் தொடர்ந்ததும்

மைக்ரோசாஃப்ட் இரண்டாம் பதிப்பை அறிவித்து 2004இல் கைவிட்டது. மீண்டும் தொடங்கிய முயற்சியும் 2009இல் நின்றது. அதுவரை உருவான தடங்கள் எல்லாம் பழைய மென்பொருளோடு மறையும் நிலை ஏற்பட்டது. அப்போது தன்னார்வலர்கள் 'ஓபன் ரெயில்ஸ்' என்ற கட்டற்ற மென்பொருளை எழுதத் தொடங்கினர். பழைய தடங்களின் கோப்புகளை அப்படியே படித்து ஓட்டுவதே அதன் நோக்கம். அதன் 1.0 பதிப்பு 2015இல் வந்தது. இன்றும் அந்தத் தடங்களில் வண்டி ஓடுவது அவர்களால்தான்.

மறுபுறம் குஜுவின் 'ரெயில் சிமுலேட்டர்' 2007இல் வந்தது. அதன் வழியில் 2009இல் 'ரெயில்வொர்க்ஸ்' தோன்றியது. அதுவே இன்று 'டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக்' எனப்படுகிறது. அதே டவ்டெயில் நிறுவனத்தின் 'டிரெயின் சிம் வேர்ல்டு' வேறொரு அடித்தளத்தில் கட்டப்பட்டது. ஆகவே நிறுவனம் ஒன்றே ஆனாலும் ஒன்றின் தடம் மற்றொன்றில் இயங்காது. புதியவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

செட்டில்–கார்லைல் தரும் பாடம்

2001இல் வந்த ஆறு தடங்களுள் இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் ஒன்று. மிட்லண்டு ரயில்வே கட்டிய இத்தடத்தில் 1876இல் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. ரிபிள்ஹெட் பாலத்தின் 24 வளைவுகளும், சுமார் 2.4 கி.மீ. நீளமுள்ள பிளே மூர் சுரங்கப்பாதையும், நூறு அடிக்கு ஓர் அடி ஏறும் நெடிய ஏற்றமும் இதன் அடையாளங்கள். 1984இல் இத்தடத்தை மூட அறிவிப்பு வந்தது. மக்கள் போராட்டத்தால் 1989 ஏப்ரலில் அது காப்பாற்றப்பட்டது.

சிமுலேட்டரில் இத்தடத்தில் 1920களின் சூழலில் 'பிளையிங் ஸ்காட்ஸ்மன்' நீராவி எஞ்சின் ஓடும். ஆனால் அந்தக் காலத்தில் இத்தடம் எல்.எம்.எஸ். நிறுவனத்துக்கு உரியது, எஞ்சினோ போட்டி நிறுவனமான எல்.என்.ஈ.ஆர்.க்கு உரியது. அதன் வழக்கமான பணி கிழக்குக் கடற்கரைத் தடத்தில். அந்த எஞ்சின் இத்தடத்தில் ஓடியது பிற்காலத்துச் சிறப்பு ரயில்களில்தான். நிலச்சரிவால் அடைபட்ட பகுதி 2017 மார்ச் 31இல் மீண்டும் திறக்கப்பட்டபோது முதல் சிறப்பு ரயிலை இழுத்ததும் அதுவே. தடம் உண்மையாக இருப்பதாலேயே அதில் ஓடும் வண்டியும் காலத்துக்குப் பொருந்திவிடும் என்று கொள்ளக் கூடாது என்பதை இது காட்டுகிறது.

புதியவர் பார்க்க வேண்டியவை

தடம் எந்த மென்பொருளுக்கு, எந்தப் பதிப்புக்கு உரியது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, அது வேறு எவற்றைச் சார்ந்துள்ளது என்று விவரக் குறிப்பில் தேட வேண்டும். பழைய இலவசத் தடங்கள் பலவற்றுக்கு 'எக்ஸ்டிராக்ஸ்' என்ற தண்டவாளத் தொகுப்பு தேவை. புதிய மென்பொருள்களிலும் சில ஓட்டங்களுக்கு வேறு தொகுப்பில் உள்ள பெட்டிகள் வேண்டியிருக்கும். அவை இல்லையேல் அந்த ஓட்டம் தொடங்காது. விலை குறைவாகத் தெரியும் தடம் இவ்வாறு இரு மடங்கு செலவு வைப்பதுண்டு.

முதல் தடம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. நிலையங்கள் அடிக்கடி வரும் புறநகர் மின்ரயில் தடத்தில் பிரேக்கும் சிக்னலும் விரைவில் கைவரும். மலைச்சரிவில் கனமான சரக்கு வண்டியை அடக்கி இறக்குவது பயின்ற கைக்கு உரியது. மென்பொருளோடு வந்த தடங்களை முழுமையாக ஓட்டிப் பழகிய பிறகே அடுத்ததை வாங்குவது நல்லது.

காக்கப்படும் நினைவு

அந்த ஆறு தடங்களுள் ஜப்பானின் ஹிசாட்சு தடமும் ஒன்று. 2020 ஜூலையில் வந்த பெருவெள்ளம் குமா ஆற்றின் மீதிருந்த அதன் இரும்புப் பாலங்களை அடித்துச் சென்றது. யட்சுஷிரோவுக்கும் யோஷிமட்சுவுக்கும் இடையே ரயில் நின்றது. இங்கிலாந்தில் 1966 மார்ச்சில் மூடப்பட்ட சாமர்செட்–டார்செட் தடத்தையும் ஆர்வலர்கள் திரையில் மீட்டுள்ளனர். ஓடாத தண்டவாளங்களில் வண்டி ஓட்டிப் பார்க்க இன்று இத்தகைய தடங்களே உள்ளன. ஆகவே ஒரு தடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையோடும் அழகோடும் நில்லாமல், அது எந்த ஊரை, எந்தக் காலத்தைக் காட்டுகிறது என்றும் கேட்பது பொருத்தம்.