முதுகில் குத்திய கதை

முதுகில் குத்துவது துரோகம் என்றுதான் நமக்குத் தெரியும். அதையே வைத்தியமாகச் செய்தவர்களும் உண்டு.

1901, பாரீஸ். ழான் அத்தனாஸ் சிகார், ஃபெர்னாண்ட் கத்லேன் என்று இரண்டு டாக்டர்கள். கலந்து பேசிக்கொள்ளாமலேயே, சில வார இடைவெளியில் இரண்டு பேரும் ஒரே வழியை அறிவித்தார்கள். வால் எலும்புக்குச் சற்று மேலே ஒரு சின்னத் துவாரம் இருக்கிறது. அது வழியாக ஊசியை விட்டால், தண்டுவடத்தின் உறையைத் தொடாமல் அதற்கு வெளியே மருந்தை இறக்கலாம். என்ன மருந்து தெரியுமா? கொக்கெய்ன்! தப்பாக நினைக்காதீர்கள். மரத்துப்போக வைக்க அன்றைக்கு டாக்டர்கள் கையில் இருந்த சரக்கு அதுதான்.

சிகாரிடம் வந்தவர்களுக்கு வெறும் முதுகுவலி இல்லை. இடுப்பிலிருந்து காலுக்குச் சுரீரென்று இறங்கும் சயாட்டிகா. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த வலி ஏன் வருகிறது? முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று 1934-ல் அமெரிக்காவின் மிக்ஸ்டரும் பாரும் எழுதினார்கள். அப்புறமென்ன, எடு கத்தியை! ஆபரேஷன்கள் பெருகின.

1948-ல் கதை திரும்பியது. நடக்கவே தவித்த மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு மேயோ கிளினிக்கில் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார் பிலிப் ஹென்ச். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் நோபல் பரிசு. வீக்கத்தை வற்றவைக்கும் இந்த மருந்தை ஏன் முதுகுக்கும் கொடுக்கக்கூடாது? 1952-ல் இத்தாலியிலும், 1953-ல் பிரான்ஸிலும் கொடுத்தே பார்த்துவிட்டார்கள். 'கத்தி வேண்டாம், ஊசி போதும்' என்றால் யார்தான் மறுப்பார்கள்? போகப் போக, எந்த முதுகுவலிக்கும் ஊசி என்றாகிவிட்டது.

அடி 2012-ல் விழுந்தது. மாசசூசெட்ஸில் ஒரு மருந்துத் தயாரிப்பு நிலையம். அங்கிருந்து போன ஸ்டீராய்டு குப்பிகளில் பூஞ்சை! ஊசி போட்டுக்கொண்டவர்களில் 753 பேருக்கு நோய் தொற்றியது, 64 பேர் செத்துப்போனார்கள் என்றது அமெரிக்க அரசின் கணக்கு.

சுத்தமான மருந்து என்றால் பிரச்னையே இல்லையா? 2014-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது: அபூர்வமாக என்றாலும் பக்கவாதம், பார்வை இழப்பு, மரணம்கூட நேரலாம். அதே ஆண்டு இன்னொரு சோதனை. தண்டுவடப் பாதை குறுகிப்போன 400 பேர். பாதிப்பேருக்கு ஸ்டீராய்டும் மரத்துப்போகும் மருந்தும், மீதிப்பேருக்கு மரத்துப்போகும் மருந்து மட்டும். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், பெரிய வித்தியாசம் எதுவுமில்லை! நாள்பட்ட முதுகுவலிக்கு இந்த ஊசிகளே வேண்டாம் என்று 2025-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு நிபுணர் குழு அடித்துச் சொன்னது. வலி வைத்தியர்களின் சங்கங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சண்டை நடக்கிறது.

அப்படியானால் ஊசி சுத்த ஏமாற்றா? அதுவும் இல்லை. சிகாரின் நோயாளிகளை ஞாபகம் இருக்கிறதல்லவா? டிஸ்க் பிதுங்கி, காலுக்கு இறங்கும் வலிக்குச் சில வாரங்கள் கொஞ்சம் நிம்மதி கிடைக்கலாம். பிதுங்கிய டிஸ்க் பலருக்குத் தானாகவே சுருங்கும். அதுவரை எழுந்து நடமாட ஒரு அவகாசம், அவ்வளவுதான். காலுக்கு இறங்காமல் முதுகோடு நிற்கிற பல வருஷ வலிக்கு அந்த அவகாசம்கூடக் கிடைக்கும் என்று நம்பப் பெரிய ஆதாரமில்லை.

பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், இந்த ஊசி கைமாத்து. அவசரத்துக்கு உதவும். சொத்து என்று நினைத்து மறுபடி மறுபடி வாங்கினால், வட்டியை முதுகுதான் கட்ட வேண்டும்.