சித்திர ஆசிரியர்க்கு ஓர் ஆசிரியை

இங்கிலாந்திலே டட்லி நகரப் பெண்கள் உயர்தரப் பாடசாலையில் 1912ஆம் ஆண்டு சித்திர ஆசிரியையாக அமர்ந்த மரியன் றிச்சட்சன், மாதிரியைப் பார்த்து வரைவிக்கும் வழக்கத்தோடு நின்றுவிடவில்லை. ஒரு காட்சியைச் சொல்லால் விவரிப்பார். மாணவியர் கண்மூடிக் கேட்டு, மனத்தில் எழுந்ததைத் தீட்டுவர். அச்சித்திரங்களை 1917இல் கண்ட கலை விமரிசகர் றோஜர் பிறை வியந்து பாராட்டினார்.

ஆனால், ஒரு வகுப்பறையில் விளைந்தது ஏனைய வகுப்பறைகளுக்குப் பரவுவது எங்ஙனம்? ஆசிரியர் தாம் கற்ற முறையிலேயே கற்பிப்பது இயல்பன்றோ! 1930இல் இலண்டன் மாநகர சபையின் சித்திரப் பரிசோதகரான அவ்வம்மையார், ஆசிரியர்க்கென்றே விரிவுரைகளும் வகுப்புகளும் நடத்தினார். பரிசோதகர் என்றாற் குறை காண்பவர் என்றே அஞ்சுவோர் பலர். இவரோ கற்பிக்க வந்தார். 1938இல் அச்சபையின் மண்டபத்திற் சிறுவர் சித்திரக் கண்காட்சியொன்று நடந்தது. வரைந்தோர் இலண்டன் பாடசாலைச் சிறார்; வழிகாட்டியோர் அவரவர் ஆசிரியர்.