வாடைக்கு ஆயத்தம்: மாடச் சாளரமும் ஏரிக்கரையும்

குளிர்காற்றுக்குத் தமிழில் வழங்கும் பழம்பெயர் 'வாடை'. வடக்கிலிருந்து வருவதால் அப்பெயர். பழந்தமிழ் நிலத்தின் வட எல்லை வேங்கடம் என்பதால், இன்றைய திருப்பதி, சித்தூர் மலைகளை வாடை நுழையும் வாயில் என்றே கொள்ளலாம். பனிப்பொழிவு அறியாத இப்பகுதியில் கடுங்குளிரை வெப்பமானியைக் கொண்டு மட்டும் அளந்தால் அதன் தன்மை விளங்காது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து எழும் புயலும் மழையும்தான் இங்குக் குளிரைக் கொண்டுவருகின்றன. நனைந்த உடலும் ஓயாத காற்றும் சேர்ந்துவிட்டால் மிதமான குளிரே முதியோரையும் கால்நடைகளையும் வீழ்த்தும். இரண்டு மாதம் நீளும் அப்பருவத்துக்குத் தமிழர் 'கூதிர்' என்று தனிப்பெயரிட்டதும் அதனால்தான்.

சொற்களின் வரலாற்றிலும் இதற்குத் தடயம் உண்டு. இமயத்து உறைபனியும் மார்கழிப் புல்நுனித் துளியும் தமிழில் ஒரே 'பனி'தான். தெலுங்கில் இரண்டும் 'மஞ்சு'. அதே 'மஞ்சு' தமிழில் மலைமேல் தவழும் முகிலாகி நிற்கிறது. தெலுங்கில் 'சலி' என்றால் குளிர். தமிழில் 'சளி' பெரும்பாலும் நோயின் பெயராகச் சுருங்கிவிட்டது. சங்க இலக்கியத்தில் காற்றைக் குறித்த 'கால்' தமிழர் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. வேங்கடத்துக்கு வடக்கே அதன் உறவுச்சொல், முதல் ககரம் மெலிந்து ஒலிக்க, 'காலி' என்று இன்றும் அன்றாட வழக்கில் உள்ளது. எல்லை என்பது சொற்களுக்கு ஒரு நாளும் மதிலாக இருந்ததில்லை.

இக்குளிருக்கு மக்கள் எவ்வாறு ஆயத்தமாயினர் என்பதற்குத் தமிழில் கிடைக்கும் மிக விரிவான பழஞ்சான்று நக்கீரரின் நெடுநல்வாடை. 188 அடிகள் கொண்ட இப்பாட்டு அகமா புறமா என்ற விவாதத்தில் பல தலைமுறை அறிஞரின் கவனம் சென்றது. பருவகால வாழ்வின் ஆவணமாக அதனைப் படித்தவர் குறைவு. பாட்டின் தொடக்கத்தில் பெருமழை. வெள்ளத்தை வெறுத்த கோவலர் ஆநிரைகளை வேற்றிடத்துக்கு ஓட்டிச் செல்கின்றனர். கையில் கொள்ளியுடன் கூடி நின்றும் அவர்களது தாடை நடுங்குகிறது. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. குரங்குகள் ஒடுங்குகின்றன. பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. குளிரின் கொடுமையைக் கூற இந்த ஒரு செய்தியே போதும்.

பின் பாட்டு நகரத்து மாடங்களுக்குள் நுழைகிறது. அங்கே ஆயத்தம் என்பது பொருள்களின் இடமாற்றமாகத் தெரிகிறது. சந்தனம் அரைக்கும் வெண்கல் வேலையின்றிக் கிடக்கிறது. கோடையில் வீசிய விசிறி முளையில் தொங்க, அதைச் சுற்றிச் சிலந்தி நூல் பின்னியிருக்கிறது. தென்றலுக்காகத் திறந்திருந்த மேல்மாடச் சாளரங்கள் தாழிடப்பட்டுள்ளன. குறுகிய வாய்க் கலங்களின் தண்ணீரை நாடுவார் இல்லை. அகன்ற வாய்த் தடாக்களில் மூட்டிய நெருப்பைச் சூழ்ந்து அனைவரும் அமர்ந்திருக்கின்றனர். குளிரில் பண் மாறிய யாழ் நரம்பை ஆடல் மகளிர் தம் மார்பின் வெம்மையில் தடவிச் சீராக்குகின்றனர். பாட்டின் முடிவில் பாசறை: நள்ளிரவுத் தூறலில் உறங்காத அரசன் புண்பட்ட வீரரைக் கண்டு வருகிறான். தாழிட்ட சாளரத்துக்கு உள்ளே இருந்தோரும் வெளியே நனைந்தோரும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து தெரியும் பாட்டு வேறொன்று இருப்பின், அது அரிதே.

வேங்கடத்தின் குளிரைச் சங்கப் புலவர் அதிகம் பாடவில்லை என்பது வியப்புக்குரியது. கூதிரும் முன்பனியும் குறிஞ்சிக்கு உரிய பொழுதுகள் என்று தொல்காப்பியம் வகுத்தாலும், மாமூலனார் முதலியோரின் அகநானூற்றுப் பாடல்களில் வேங்கடம் பெரும்பாலும் பாலைவழியாகவே வருகிறது: தலைவன் பொருள் தேடிக் கடந்து செல்லும் வறண்ட மலை, அப்பால் வேற்றுமொழி நிலம். பக்திக் காலத்தில்தான் அம்மலை முகிலும் அருவியும் பெறுகிறது. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் வேங்கடத்து மேகங்களையே தூதாக விடுகிறாள். எனினும் மழைக்கு எதிராக அங்குள்ளோர் என்ன செய்தனர் என்பது பாட்டில் இல்லை. அதற்குக் கல்லைத்தான் நாட வேண்டும்.

திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளில் மிகுதியானவை தமிழில் உள்ளன. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் பக்தர் அளித்த பொற்காசுகள், கோயிலுக்கு உரிய ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டச் செலவிடப்பட்டன. அவற்றால் பெருகிய விளைச்சலிலிருந்து இறைவனுக்கு அமுது படைக்கப்பட்டது. 1960இல் பர்ட்டன் ஸ்டைன் இதை ஒரு பொருளாதார ஏற்பாடாக விளக்கினார். அவரது கருத்து பாசனத்தை மையமாகக் கொண்டது, அதில் பிழையில்லை. ஆயினும் சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும் மழையைத் தாங்கி நிறுத்தி, கீழ்ப்புற ஊர்களைக் காப்பதும் ஏரிக்கரையின் வேலைதான். மாடத்தில் சாளரம் அடைக்கப்பட்டது போல, ஊருக்கு வெளியே செய்யப்பட்ட வாடைக்கால ஆயத்தம் அது.

அந்த ஆயத்தம் எங்கே தவறும் என்பதையும் அக்காலத்தார் எழுதிவைத்தனர். கடப்பை மாவட்டப் போருமாமில்லாவில் முதலாம் புக்கரின் மகன் பாஸ்கரன் கட்டிய ஏரியின் 1369ஆம் ஆண்டுக் கல்வெட்டு, நாளும் 1,000 ஆட்களும் 100 வண்டிகளும் இரண்டு ஆண்டுகள் உழைத்ததைக் கூறுகிறது. நல்ல ஏரிக்கு 12 உறுப்புகளையும் ஆறு குற்றங்களையும் அது பட்டியலிடுகிறது. கரையில் நீர் கசிவது அக்குற்றங்களில் ஒன்று.

2021 நவம்பர் 18, 19 நாள்களில் வங்கக் கடலின் தாழ்வு மண்டலம் திருப்பதியை மூழ்கடித்தது. அலிபிரிப் படிகளில் வெள்ளம் அருவியாக இறங்கியது. மலைப்பாதையில் மண் சரிந்தது. ஸ்ரீவாரி மெட்டு நடைவழி சிதைந்து பல மாதங்கள் மூடிக்கிடந்தது. சுமார் 850 மீட்டர் உயரத்தில், நனைந்த துணியோடு காற்றில் நின்ற யாத்திரிகருக்கு நெடுநல்வாடைக் கோவலரின் நடுக்கம் பழங்கதையாகத் தோன்றியிருக்காது.

அதே நாள்களில் கடப்பைப் பக்கத்தில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணையின் மண்கரை அடித்துச் செல்லப்பட்டு, கீழ்க்கரை ஊர்களில் பலர் உயிரிழந்தனர். அணையின் ஐந்து மதகுகளில் ஒன்று இயங்கவில்லை என்று பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. திருப்பதியை அடுத்த ராமச்சந்திராபுரம் வட்டாரத்தில், கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று வழங்கும் ராயலசெருவு விளிம்புவரை நிரம்பியது. கரையில் கசிவு தெரிந்தது. போருமாமில்லாக் கல் 650 ஆண்டுகளுக்கு முன் பெயரிட்ட அதே குற்றம். கீழ்ப்புற ஊர் மக்கள் வெளியேற்றப்பட்டனர், கசிவு அடைக்கப்பட்டது, கரை நின்றது.