கொசுவலை மட்டும் போதுமா? மலாயாத் தோட்டங்களின் மலேரியா வரலாறு

ஆப்பிரிக்காவில் மலேரியா ஏன் ஒழியவில்லை என்று கேட்டால், நம் மாணவர்களில் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: “மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, கொசுவலை கொடுத்தாலும் கட்டமாட்டாங்க.” நம் தாத்தா பாட்டி காலத்துத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றியும் இப்படித்தான் பேசினார்கள். அது எவ்வளவு உண்மை என்று பார்ப்போம்.

பினாங்கும் காய்ச்சலும்

1786-இல் பினாங்கில் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட், 1794-இல் மலேரியாவால் இறந்தார். பதவியில் இருந்தவரையும் நோய் விடவில்லை. அப்போது கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பினார்கள். ‘மலேரியா’ என்ற இத்தாலியச் சொல்லின் பொருளே அதுதான். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகே உண்மை விளங்கத் தொடங்கியது.

காட்டை வெட்டியதால் வந்த வினை

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கிய தமிழர்கள், முதலில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிறகு பேராக், சிலாங்கூர் ரப்பர் தோட்டங்களுக்கும் போனார்கள். அங்கே குளிர்காய்ச்சல் காத்திருந்தது.

1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடியவைத்தார். அவர் தந்த கணக்குப்படி, கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901-இல் 368 ஆக இருந்த காய்ச்சல் மரணம், 1902-இல் 59 ஆகக் குறைந்தது.

ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் கதை வேறு. கடற்கரைப் பக்கத்துக் கொசு, நிழலான சதுப்பில் வளர்வது. காட்டை அழித்தால் குறைந்துவிடும். மலைப்பக்கத்தில் வளரும் ‘அனாபிலிஸ் மாக்குலாட்டஸ்’ கொசுவுக்கோ வெயில் படும் தெளிந்த நீரோடைதான் பிடிக்கும். அங்கே காட்டை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டதும் காய்ச்சல் கூடியது. ஆக, நோய் பெருகியதற்குத் தொழிலாளியின் பழக்கம் காரணமில்லை. தோட்டம் திறந்த விதம்தான் காரணம். நிலத்தடிக் குழாய்களில் ஓடையை வடித்து, தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்த பிறகே அங்கும் நோய் தணிந்தது.

வலையும் கொய்னாவும்

கொசுவலை அன்று பெரும்பாலும் வசதி உள்ளவர் வீட்டுப் பொருள். லயத்தில் ஒரே அறைக்குள் பலர் நெருக்கிப் படுத்தார்கள். அங்கே எத்தனை வலை கட்டுவது? அந்தப் புழுக்கத்தில் யார் தூங்குவது? விடியுமுன்னே பெரட்டுக்குப் போகிறவருக்கு, வலையைவிட்டு வெளியே வந்ததும் பாதுகாப்பு போச்சு. கொய்னா மருந்தோ கடும் கசப்பு. குடித்தால் காது இரைச்சல், வாந்தி. வேண்டாம் என்று ஒதுங்கியவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியுமா?

இன்றைய ஆப்பிரிக்கா

வலை பயனற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் சுமார் 66 கோடி மலேரியா நோய்த்தொற்றுகள் தடுக்கப்பட்டன என்றும், அதில் 68 விழுக்காடு மருந்து தோய்த்த வலைகளால்தான் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

பிறகு ஏன் சிலர் கட்டுவதில்லை? வெக்கை, கட்ட இடமில்லாத சிறிய வீடு, கொசு குறைந்த வறண்ட மாதங்கள் எனக் காரணங்கள் பல. சில ஏரிக்கரைகளில் வலை மீன்பிடிக்கப் போகிறது. பசி முதலில் வருகிறது. “இலவசமாகக் கொடுத்தால் மதிக்கமாட்டாங்க” என்ற பேச்சும் உண்டு. 2010-இல் வெளிவந்த கென்யா ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. இலவச வலைக்கு வெறும் 60 அமெரிக்கக் காசு விலை வைத்ததும், அதைப் பெற்ற கர்ப்பிணிகள் 60 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தனர். இலவசமாகப் பெற்றவர்களோ அதைக் குறைவாகப் பயன்படுத்தவில்லை.

மலேசியாவில் 1967-இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 2018 முதல் மனிதரிடையே உள்நாட்டில் பரவும் மலேரியா பதிவாகவில்லை. குரங்கிலிருந்து தொற்றும் நோலெசி வகை மட்டும் நீடிக்கிறது. இதற்கு அறிவுரை மட்டும் போதவில்லை. வடிகால், மருந்துத் தெளிப்பு, கிராமத்துக்கே வரும் ரத்தப் பரிசோதனை எல்லாம் வேண்டியிருந்தது.

எனவே மாணவர்களே, தேர்வுக் கட்டுரையில் ‘அறியாமை’ என்று எழுதுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த மக்களுக்கு வீடு எப்படி, கூலி எவ்வளவு, வலை கைக்கு வந்ததா? அதற்குப் பதில் எழுதினால் கட்டுரைக்குக் கனம் வரும்.

கலந்துரையாட:
1. ஒரே செயல் (காடழிப்பு) கடற்கரையிலும் மலைப்பகுதியிலும் எதிர்மாறான விளைவைத் தந்தது ஏன்?
2. லயத்து வாழ்க்கைக்கும் கொசுவலைப் பயன்பாட்டுக்கும் உள்ள தொடர்பை விளக்குக.