சாரல் சீசன்ல ஷாக் ஏன் ஆளைக் கொல்லுது?

குற்றாலத்துல சாரல் விழ ஆரம்பிச்சா தென்காசி பக்கம் சுவர், தரை, துணி எதுவும் சீக்கிரம் காயாது. வீட்டுக்கு வர்றது வருஷம் பூரா அதே 230 வோல்ட்தான். ஆனா ஏப்ரல்ல சுருக்குன்னு இழுத்துட்டு விட்ட ஸ்விட்ச், ஜூலைல ஆளையே எடுத்துடுது. ஏன்? பதில் கிடைச்ச கதை கொஞ்சம் பழசு. பொறுமையா வாசிங்க.

ஹென்றி கேவண்டிஷ், இங்கிலாந்து. 1781 வாக்குல உப்புத்தண்ணி நிரப்பின கண்ணாடிக் குழாய்கள் வழியா மின்சாரத்தைத் தன் உடம்புக்குள்ள விட்டு, எந்த ஷாக் பெருசுன்னு ஒப்பிட்டுப் பார்த்தார். கரண்ட்டை அளக்க மீட்டர் கிடையாது, அவரே மீட்டர்! (இன்னிக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் அனுமதிக்காது.) கிட்டத்தட்ட சரியான விதியைப் பிடிச்சும் வெளியிடவே இல்லை. 1879ல் மேக்ஸ்வெல் பதிப்பிச்ச பிறகுதான் உலகத்துக்குத் தெரிஞ்சுது.

அதுக்குள்ள ஜெர்மனியில கோலோன் நகரப் பள்ளி வாத்தியார் ஜார்ஜ் ஓம், வெவ்வேறு நீளக் கம்பிகளை வச்சு அளந்து 1827ல் புத்தகமே போட்டுட்டார். வோல்டேஜை கரண்ட்டால வகுத்தா மின்தடை. அவ்வளவுதான். சொந்த ஊர்க்காரங்க பெருசா மதிக்கலை. 1841ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்தது.

அதே 1841ல் ஜூல் இன்னொண்ணு சொன்னார்: கம்பியில வீணாகிற சூடு, கரண்ட்டோட வர்க்கம் பெருக்கல் மின்தடை. பவர்னா வோல்டேஜ் பெருக்கல் கரண்ட். இது ஏன் நமக்கு முக்கியம்? 1944ல் ஓட ஆரம்பிச்ச நம்ம பாபநாசம் நீர்மின் நிலையத்தை நினைச்சுக்கோங்க. எளிமையா ஒரே ஜோடி கம்பின்னு வச்சுக்கிட்டா, 1 மெகாவாட்டை 230 வோல்ட்ல அனுப்ப சுமார் 4,350 ஆம்பியர் வேணும். 66,000 வோல்ட்ல 15 ஆம்பியர் போதும். அதனாலதான் மலையில இருந்து உயர் அழுத்தத்துல வந்து, தெருமுனை டிரான்ஸ்பார்மர்ல குறையுது.

இப்போ உடம்புக்கு வருவோம். நல்லா காய்ஞ்ச தோலோட மின்தடை ஒரு லட்சம் ஓம் வரைகூட இருக்கும். 230ஐ அதால வகுத்தா 2.3 மில்லி ஆம்பியர். சுருக்குன்னு இருக்கும், கையை எடுத்துடுவீங்க. அருவியில குளிச்சிட்டு ஈரத்தோட வந்தா சுமார் 1,000 ஓம்தான். அப்போ 230 மில்லி ஆம்பியர். நூறு மடங்கு!

பெர்க்லியில சார்லஸ் டால்சீல் 134 ஆண்கள், 28 பெண்களை வச்சு அளந்தார். பிடிச்ச கம்பியை விட முடியாமப் போற அளவு, சராசரியா ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். 100ஐத் தொட்டா இதயம் துடிக்காம வெறுமனே நடுங்கலாம். நாங்க வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன்னு சொல்றது இதைத்தான். கணக்குப் போட்டதோட நிறுத்தாம, 1961ல் 5 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே அறுத்துவிடுற கருவியையும் செஞ்சார்.

நம்ம வீட்டுல அதோட சொந்தக்காரன் ஆர்சிசிபி. பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர்ல விழும். சாதாரண ஃப்யூஸ் 5, 15 ஆம்பியர் கணக்கு. அது ஒயரைக் காப்பாத்தும், உங்களை இல்லை. லாட்ஜ்ல ஹீட்டர், வீட்டுல கிரைண்டர், மோட்டார் எல்லாமே இதுல அடங்கும்.

யாராவது மாட்டிக்கிட்டா தொட்டு இழுக்காதீங்க. மெயினை ஆஃப் பண்ணுங்க, 108ஐக் கூப்பிடுங்க. மூச்சு இல்லைன்னா நெஞ்சை அழுத்த ஆரம்பிங்க. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல டாக்டர்"னு சொன்னாலும் கூட்டிட்டு வாங்க, ஒரு இசிஜி எடுத்துப் பார்த்துட்டு அனுப்புறோம்.