ஜனாதிபதித் தேர்தல்களும் இடதுசாரிகளின் கூட்டுக் கணக்குகளும்

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் அறிவிக்கப்படும்போதெல்லாம் இடதுசாரிகள் ஏன் ஒன்றுபடவில்லை என்ற கேள்வியும் கூடவே எழுவது வழக்கம். கேட்பவர்களில் பெரும்பாலானோர், அவர்கள் ஒன்றுபட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்ற எண்ணத்துடனேயே கேட்கின்றனர். நாற்பது வருடங்களுக்கும் மேலாகத் தேர்தல் முடிவுகளைத் தொகுத்து எழுதி வந்தவன் என்ற முறையில், அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை 1982ஆம், 1988ஆம் ஆண்டுத் தேர்தல்களை முன்வைத்து இங்கு நோக்க விரும்புகின்றேன்.

முதலாவது ஜனாதிபதித் தேர்தல் 1982 ஒக்டோபர் 20ஆம் திகதி நடைபெற்றது. அப்போது பழைய இடதுசாரிக் கட்சிகள் எத்தகைய நிலையில் இருந்தன என்பதை மறந்துவிடலாகாது. 1970இல் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியுடன் சேர்ந்து 151 ஆசனங்களில் 116ஐக் கைப்பற்றிய ஐக்கிய முன்னணியில் லங்கா சமசமாஜக் கட்சிக்கு 19 உறுப்பினர்களும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 6 உறுப்பினர்களும் இருந்தனர். 1975இல் சமசமாஜ அமைச்சர்கள் வெளியேற்றப்பட்டனர். 1977 தேர்தலில் இரு கட்சிகளுக்கும் ஓர் ஆசனம்கூடக் கிடைக்கவில்லை. 1979இல் என்.எம்.பெரேரா மறைந்தார். 1980 ஜூலை பொது வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 தொழிலாளர்கள் வேலை இழந்தனர். இடதுசாரிகளின் முதுகெலும்பாக விளங்கிய தொழிற்சங்கங்கள் அந்த அடியிலிருந்து மீளவே இல்லை. 1981இல் கலவானை இடைத்தேர்தலில் வென்ற சரத் முத்தெட்டுவகம மாத்திரமே பாராளுமன்றத்தில் பழைய இடதுசாரிகளின் குரலாக ஒலித்தார்.

ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் 1980இல் பறிக்கப்பட்டிருந்தமையால், ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி ஹெக்டர் கொப்பேகடுவவை நிறுத்தியது. கம்யூனிஸ்ட் கட்சி அவரை ஆதரித்தது. சமசமாஜக் கட்சி கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வாவை நிறுத்தியது. அதிலிருந்து பிரிந்த நவ சமசமாஜக் கட்சி வாசுதேவ நாணயக்காரவைக் களமிறக்கியது. ஜே.வி.பி.யின் சார்பில் ரோகண விஜேவீர போட்டியிட்டார். மார்க்சின் பெயரைச் சொன்ன நான்கு கட்சிகள் நான்கு திசைகளில் நின்றன.

அவர்கள் ஒரே மேடையில் ஏறுவது அன்று நடக்கக்கூடிய காரியமா? 1971 ஏப்ரல் கிளர்ச்சியை நசுக்கிய அரசாங்கத்தில் சமசமாஜ, கம்யூனிஸ்ட் அமைச்சர்கள் வீற்றிருந்தார்கள். விஜேவீரவைச் சிறையில் வைத்திருந்தது அந்த அரசாங்கம். 1977இல் அவரை விடுவித்தவரோ ஜே.ஆர்.ஜெயவர்தன. அந்த இளைஞர்களிடம் போய் 'தோழர்களே, ஒன்றுபடுவோம்' என்று கூற எந்த முகத்துடன் செல்வது? சமசமாஜக் கட்சிக்கும் நவ சமசமாஜக் கட்சிக்கும் இடையிலான பகையும் அந்தக் கூட்டரசாங்கத்தின் அனுபவத்திலிருந்து பிறந்ததே. 1964இல் என்.எம். நிதியமைச்சராகப் பதவியேற்ற நாளிலிருந்து இலங்கை இடதுசாரிகளைப் பிரித்துவந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: சுதந்திரக் கட்சியோடு சேர்வதா, தனித்து நிற்பதா?

முடிவுகள் வருமாறு அமைந்தன. ஜே.ஆர். 3,450,811, கொப்பேகடுவ 2,548,438, விஜேவீர 273,428, குமார் பொன்னம்பலம் 173,934, கொல்வின் 58,531, வாசுதேவ 17,005. ஜே.ஆரை எதிர்த்த ஐவரின் வாக்குகளையும் ஒன்றாகக் கூட்டினாலும் 3,071,336தான். அதாவது, எதிரணி முழுவதும் ஒரே வேட்பாளரின் பின்னால் அணிதிரண்டிருந்தாலும் ஜே.ஆர். சுமார் மூன்று இலட்சத்து எண்பதாயிரம் வாக்குகளால் முன்னின்றிருப்பார். ஒற்றுமை ஒரு புதிய உற்சாகத்தை ஊட்டியிருக்கும் என்று வாதிடுவோர் உளர். இருக்கலாம். ஆனால் எண்களைப் பார்த்தால், 1982இல் இடதுசாரிகளின் பிளவு ஜே.ஆரின் வெற்றிக்குக் காரணம் என்று கூறுவதற்கு இடமில்லை.

அந்த எண்களில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொன்று. கொல்வினும் வாசுதேவவும் சேர்ந்து பெற்றதைப் போல மூன்றரை மடங்குக்கும் அதிகமான வாக்குகளை விஜேவீர பெற்றார். 1935இல் ஆரம்பமான ஒரு கட்சியின் தலைமுறை கடந்து சென்றுவிட்டது என்பது அன்றே எழுதப்பட்டுவிட்டது.

கொல்வினின் போட்டியில் வரலாற்றின் ஒரு குரூரமும் இருந்தது. இரண்டு மொழிகள் என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடுகள் என்று ஐம்பதுகளில் பாராளுமன்றத்தில் எச்சரித்தவர் அவர். அதே கொல்வின், 1972இல் அரசியலமைப்பு விவகார அமைச்சராக இருந்து, பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்து, சிறுபான்மையினருக்குச் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தந்த பாதுகாப்பையும் நீக்கிய அரசியலமைப்பின் சிற்பியானார். இடையில், 1966 ஜனவரி 8ஆம் திகதி, தமிழ்மொழிப் பிரமாணங்களுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் இரு இடதுசாரிக் கட்சிகளும் சுதந்திரக் கட்சியுடன் தெருவில் இறங்கின. கூட்டுக்கு இடதுசாரிகள் கொடுத்த விலையில் பெரும் பங்கைத் தமிழ் மக்களே செலுத்தினார்கள் என்று நான் கூறுவதன் பொருள் இதுதான்.

ஆயினும் யாழ்ப்பாணத்து வாக்காளர் வெறும் கோபத்தால் மட்டும் வாக்களிப்பவர் அல்லர். 1982இல் யாழ் மாவட்டத்தில் குமார் பொன்னம்பலம் முதலிடம் பெற்றார்; கொப்பேகடுவ சுமார் 35 வீத வாக்குகளுடன் இரண்டாமிடம் பெற்றார். ஜனாதிபதியாக இருந்தவர் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். கொப்பேகடுவ விவசாய அமைச்சராக இருந்த 1970-77 காலத்தில் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டமையால் செத்தல் மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் குடாநாட்டுத் தோட்டக்காரருக்கு நல்ல விலையைக் கொடுத்தன. தரப்படுத்தலைக் கொண்டுவந்த அதே அரசாங்கத்தின் அமைச்சருக்கு அந்த விவசாயி வாக்களித்தார்.

1982 டிசம்பர் 22ஆம் திகதி சர்வஜன வாக்கெடுப்பின் மூலம் பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலை இன வன்செயல்களின் பழி ஜே.வி.பி., கம்யூனிஸ்ட் கட்சி, நவ சமசமாஜக் கட்சி ஆகிய மூன்றின் மீதும் சுமத்தப்பட்டு அவை தடைசெய்யப்பட்டன. தேர்தலில் ஒன்றுபடாதவர்களைத் தடையுத்தரவு ஒரே வரியில் ஒன்றுசேர்த்தது!

1988ஆம் ஆண்டுக் கதை வேறு. நடிகரும் ஸ்ரீலங்கா மகாஜனக் கட்சியின் தலைவருமான விஜய குமாரதுங்க, சமசமாஜ, கம்யூனிஸ்ட், நவ சமசமாஜக் கட்சிகளை ஓரணியில் சேர்க்கும் முயற்சியில் முன்னின்றார். 1986இல் யாழ்ப்பாணம் சென்று விடுதலைப் புலிகளைச் சந்தித்துப் பேசிய தென்னிலங்கைத் தலைவர் அவர். இந்திய-இலங்கை உடன்படிக்கையையும் மாகாண சபைகளையும் வெளிப்படையாக ஆதரித்தார். 1988 பெப்ரவரி 16ஆம் திகதி கொழும்பில் தனது வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இலங்கை இடதுசாரிகள் தமிழர் பிரச்சினையில் எடுத்த மிகத் துணிச்சலான நிலைப்பாடும், அவர்கள் அதற்காகச் செலுத்திய மிகப் பெரிய உயிர் விலையும் அந்த ஆண்டுக்குரியவை என்பதை நம்மவர் போதியளவு நினைவுகூர்வதில்லை என்பது என் ஆதங்கம்.

அவர் இல்லாத ஐக்கிய சோஷலிச முன்னணி, டிசம்பர் 19 தேர்தலில் ஒஸி அபேகுணசேகரவை நிறுத்தியது. ஜே.வி.பி.யின் துப்பாக்கிகளின் நிழலில் நடந்த அத்தேர்தலில் வாக்களித்தோர் 55 வீதத்தினரே. 1982இல் அது 81 வீதம். பிரேமதாச 2,569,199, ஸ்ரீமாவோ 2,289,860, ஒஸி 235,719. ஒஸி நின்றபடியால் ஸ்ரீமாவோ தோற்றார் என்று சுதந்திரக் கட்சியினர் நீண்டகாலம் முறையிட்டனர். ஒஸியின் கடைசி வாக்குவரை ஸ்ரீமாவோவிடம் சேர்த்தாலும் பிரேமதாச 43,620 வாக்குகள் முன்னே நிற்கிறார். பிரேமதாசவுக்கு உதவியது இடதுசாரிகளின் வேட்பாளரைவிட, வாக்குச் சாவடிக்குப் போக அஞ்சிய மக்களின் தொகையே என்பது என் கணிப்பு. ஒஸி பின்னர் ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கம் சென்று, 1994 ஒக்டோபரில் தொட்டலங்கக் குண்டுவெடிப்பில் காமினி திசாநாயக்கவுடன் பலியானார்.

1994இல் பழைய இடதுசாரிகள் சந்திரிகாவின் பொதுஜன முன்னணிக்குள் சென்றனர். அதன் பிறகு தனித்து நின்ற இடதுசாரி வேட்பாளர்கள் ஒரு வீதத்தையும் எட்டவில்லை. கூட்டுச் சேர்வதால் முடிவையே மாற்றக்கூடிய பலம் ஜே.வி.பி.யிடம் மாத்திரமே இருந்தது. 2005 நவம்பரில் மகிந்த ராஜபக்ஷ 180,786 வாக்குகளால் வென்றதில் அக்கட்சியுடன் செய்த உடன்படிக்கையின் பங்கு வெளிப்படையானது. வடக்கில் வாக்களிப்பு முடக்கப்பட்டதன் பங்கும் அவ்வாறே. அந்த உடன்படிக்கை ஒற்றையாட்சியை வலியுறுத்தியது. மறு ஆண்டே ஜே.வி.பி. தொடுத்த வழக்கில் வடக்கும் கிழக்கும் பிரிக்கப்பட்டன.

2019இல் அக்கட்சி தேசிய மக்கள் சக்தியை அமைத்து, 28 அமைப்புகளுடன் களமிறங்கியபோது அநுரகுமார திசாநாயக்க பெற்றது 418,553 வாக்குகள். 2024 செப்டம்பர் 21இல் அது 5,634,915 ஆனது. எவரும் 50 வீதத்தைத் தாண்டாதபடியால் விருப்பு வாக்குகள் முதற்தடவையாக எண்ணப்பட்டன. அவற்றால் அநுரவுக்குக் கிடைத்தவை 105,264, சஜித் பிரேமதாசவுக்கு 167,867. கூட்டுச் சேராமலேயே ஒருவரையொருவர் ஆதரிக்க 1982 முதல் சட்டத்தில் இருந்துவந்த வழி இதுவே. இடதுசாரிகள் அதைப் பயன்படுத்தியது அரிது.

நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறில் மூன்று அதற்குக் கிடைத்தது. நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக 1994இல் சந்திரிகா அளித்த உறுதிமொழியை நம்பி நிஹால் கலப்பத்தியைப் போட்டியிலிருந்து விலகச் செய்த அதே ஜே.வி.பி.யின் தலைவர், அதே வாக்குறுதியைத் தமது 2024 விஞ்ஞாபனத்திலும் எழுதி அப்பதவியில் அமர்ந்தார்.