பொருளாதார மந்தமும் பழிச்சுமையும்: இலங்கை, 1929 – 1939

வேலையின்மை பெருகுங் காலங்களில் ‘இதற்குக் காரணர் யார்?’ என்ற வினா எழுவது இயல்பே. ஆயின் அவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடை காரணங்களை ஆராய்ந்து பெறப்பட்டதாக எப்பொழுதும் அமைவதில்லை. பழி சுமத்துவோரின் கைக்கு எட்டக்கூடியவர் எவர் என்பதே பலவேளைகளில் விடையைத் தீர்மானித்துவிடுகின்றது. 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இலங்கையில் தோற்றுவித்த அரசியல் இதற்குத் தக்க சான்றாகும். அப்பத்தாண்டின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்று விளைபொருட்களின் ஏற்றுமதியிலேயே அக்கால இலங்கையின் பொருளாதாரம் தங்கியிருந்தது. மக்கள் உண்ணும் அரிசியிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தது. மேலைநாடுகளில் வாங்குவோர் குறைந்ததும் அம்மூன்று பொருட்களின் விலைகளும் வீழ்ந்தன. இறப்பரின் நிலை மிகவும் இரங்கத்தக்கதாயிற்று. 1932 இன் நடுப்பகுதியில் இலண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் இறப்பர் இரண்டு பென்சுக்கும் குறைவாக விலைபோயிற்று. பல தோட்டங்களில் பால் வெட்டுவது நிறுத்தப்பட்டது. ஏற்றுமதி குன்றவே சுங்க வருமானமும் குன்றியது. வருமானம் குன்றவே அரசாங்கம் பொதுவேலைகளைச் சுருக்கி ஆட்குறைப்புச் செய்தது. தோட்டத்தில் தோன்றிய வேலையின்மை இவ்வாறு கொழும்பு நகருக்கும் பரவியது.

இந்நிலையை மாற்றக்கூடிய கருவிகள் எவரிடம் இருந்தன என்பதே முதன்மையான வினாவாகும். இலங்கைக்கு அன்று மத்திய வங்கி கிடையாது; அது 1950 இலேயே தோன்றிற்று. இலங்கை ரூபாய் இந்திய ரூபாயுடன் பிணைக்கப்பட்டிருந்தது. இந்திய ரூபாயோ ஒரு சிலிங் ஆறு பென்சு என்ற வீதத்தில் ஸ்ரேலிங்குடன் பிணைக்கப்பட்டிருந்தது. எனவே நாணயத்தின் பெறுமதியைக் குறித்த முடிவுகள் டில்லியிலும் இலண்டனிலுமே எடுக்கப்பட்டன. 1931 இன் டொனமூர் அரசியற்றிட்டம் சர்வசன வாக்குரிமையை வழங்கியபோதிலும் நிதித்துறையை மக்கள் பிரதிநிதிகளிடம் ஒப்படைக்கவில்லை. தேசாதிபதிக்குப் பொறுப்புடைய நிதிச் செயலாளரே அதனை நிருவகித்தார். வரவுசெலவைச் சமப்படுத்துவதே அவருடைய தலையாய கடமையாகக் கருதப்பட்டது. 1932 இல் வருமான வரி அறிமுகமானதும் இந்நெருக்கடியின் விளைவேயாம்.

ஆகவே அரசாங்க சபைக்குத் தெரிவானோர் விந்தையானதொரு நிலையில் நின்றனர். வேலை கேட்கும் மக்களின் வாக்கு அவர்களுக்கு இன்றியமையாததாயிற்று. வேலையை உண்டாக்கும் அதிகாரமோ அவர்களிடம் இல்லை. விலையையும் நாணயத்தையும் வங்கிகளையும் தொட முடியாதவர்கள் தொடக்கூடியதாக எஞ்சியிருந்த பொருள்களுள் குடிவரவும் ஒன்றாகும். தென்னிந்தியத் தொழிலாளர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டமைக்கு இவ்வரசியல் அமைப்பே அடிப்படையாயிற்று எனக் கொள்ளலாம்.

குற்றஞ்சாட்டப்பட்டோரின் நிலையை நோக்குவோம். 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி 1929 இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச நாட்கூலி, ஆண் தொழிலாளருக்கு மலைநாட்டில் 54 சதம், இடைநாட்டில் 52 சதம், தாழ்நாட்டில் 50 சதம் ஆகும். மந்தம் வந்ததும் அரிசி விலை இறங்கியதைக் காரணங்காட்டி இக்கூலியும் குறைக்கப்பட்டது. வேலை இழந்த தொழிலாளர் பெருந்தொகையினராகத் தென்னிந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பிறருடைய வேலையைப் பறித்தவர் என்று பழிக்கப்பட்டவரே தம் வேலையை முதலில் இழந்தவருமாவர். கப்பலேறியபின் அவர்கள் இலங்கையின் வேலையற்றோர் தொகையில் இடம்பெறவுமில்லை. தோட்டத்துறை தனது வேலையின்மையை இராமநாதபுரத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் சேலத்துக்கும் ஏற்றுமதி செய்தது எனின் மிகையாகாது.

கொழும்பில் இப்பழி மலையாளிகள்மீது விழுந்தது. இங்கு ஏ. ஈ. குணசிங்கவின் வரலாறு ஊன்றி நோக்கத்தக்கது. 1922 இல் இலங்கைத் தொழிற்சங்கத்தை நிறுவி, 1923 ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தையும் 1929 ஆம் ஆண்டின் திறாம் வண்டித் தொழிலாளர் போராட்டத்தையும் நடத்தியவர் அவர். இனபேதமின்றித் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய அவரோடு கோ. நடேசையரும் ஒருகாலத்தில் இணைந்து பணியாற்றினார். அத்தகைய தலைவரே மந்தகாலத்தில் மலையாளிகளைப் பகிஷ்கரிக்குமாறு அறைகூவினார். 1933 இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களுட் பெரும்பாலோர் இந்தியர். கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளம் இடதுசாரிகள் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். குணசிங்கவின் சங்கமோ அவ்வேலைநிறுத்தத்தை உடைப்பதற்குத் துணைநின்றது. இலங்கைத் தொழிலாளர் இயக்கம் இனவழியிற் பிளவுண்டமையை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகின்றது.

குணசிங்கவின் வாதத்தில் உண்மையே இல்லை எனக் கூறுவது நேர்மையாகாது. குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வந்த தொழிலாளியைக் குறைந்த கூலிக்கு அமர்த்தலாம். எதிர்த்து நின்றால் இலகுவில் நீக்கலாம். முதலாளிமார் இதனை அறிந்தே அவரை விரும்பினர். உள்ளூர்த் தொழிலாளிக்கு இதனால் ஏற்பட்ட பாதிப்பு மெய்யானதே. ஆயின் கூலியைத் தாழ்த்தியவர் கூலி கொடுப்பவரேயன்றி வாங்குபவர் அல்லர். இருசாராரும் ஒரே கூலியைக் கோரி ஒரே சங்கத்தில் நின்றிருந்தால் அவ்வுபாயம் பயனற்றுப் போயிருக்கும்.

கிராமப்புறத்தில் செட்டிமார் பழிக்கு ஆளாயினர். தெங்கின் விலை வீழ்ந்தபோது கடன்பட்டோரின் காணிகள் கைமாறின. வட்டிக்குக் கொடுத்தவர்மீது வெறுப்பு வளர்ந்தது. வட்டியின் கொடுமையை எவரும் மறுக்கவியலாது. எனினும் பிரித்தானிய வங்கிகள் இலங்கையருக்குக் கடன் வழங்கத் தயங்கியமையாலேயே செட்டிமாரின் கொடுக்கல்வாங்கல் தழைத்தது. அச்செட்டிமாரும் வங்கிகளிடம் பெற்ற பணத்தையே பெரிதும் நம்பியிருந்தனர்; வங்கிகள் கையை இறுக்கியபோது அவர்களும் கடனாளியை நெருக்கினர். 1934 இல் சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்ததும், 1939 இல் இலங்கை வங்கி தோன்றியதும் இக்குறையை உணர்ந்தமையின் பயனாகும்.

மீட்சி தாமதித்தமைக்கும் காரணம் தேடவேண்டும். 1933 இன் சர்வதேசத் தேயிலை ஒப்பந்தமும் 1934 இன் இறப்பர் ஒப்பந்தமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்த முயன்றன. விலை ஓரளவு உயர்ந்தது உண்மை. ஆனால் உற்பத்தியைச் சுருக்கிப் பெறும் மீட்சி, பங்குதாரரின் இலாபத்தைத் தொழிலாளியின் வேலைக்கு முன்னதாகவே மீட்கும் இயல்புடையது. இதற்கிடையே 1934 இல் மழை பொய்த்தது. தொடர்ந்து பரவிய மலேரியாக் கொள்ளைநோய் 1935 வரை நீடித்து ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் அரைவயிற்றுக் கஞ்சியோடு மந்தகாலத்தைக் கழித்த கிராமத்தவர் நோயை எதிர்க்கும் வலுவற்றிருந்தனர்.

குடிவரவுப் பிரச்சினையை ஆராய்ந்த சேர் எட்வேர்ட் ஜக்சனின் அறிக்கை 1938 இல் வெளியாயிற்று. இந்தியத் தொழிலாளரின் வருகையே இலங்கையரின் வேலையின்மைக்குக் காரணம் என்ற குற்றச்சாட்டை அவ்வறிக்கை ஏற்கவில்லை. எனினும் அடுத்த ஆண்டிலேயே அரசாங்கத் திணைக்களங்களில் நாட்சம்பளம் பெற்ற இந்தியத் தொழிலாளரை நீக்கும் நடவடிக்கை தொடங்கியது. நேரு 1939 யூலையில் இலங்கைக்கு வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் அப்போது உருவாயிற்று. ஆகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம், உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது.

வேலையின்மை நீக்கத்தாலும் தடையாலும் தீரவில்லை. யுத்தமே அதனைத் தீர்த்தது. 1942 இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமானபின், நேச நாடுகளுக்கு இறப்பர் வழங்கிய முக்கிய நாடுகளுள் ஒன்றாக இலங்கை மாறியது. வாங்குவோர் வந்ததும் வேலை வந்தது. மிகையென ஒதுக்கப்பட்ட கைகள் மீண்டும் தேவைப்பட்டன. குறைந்திருந்தது கேள்வியேயன்றி மிகுந்திருந்தது ஆட்கள் அல்லர் என்பது இதனால் ஐயத்திற்கிடமின்றிப் புலனாகும்.

ஆயினும் மந்தம் நீங்கியபின்னும் பழி நீங்கவில்லை. நெருக்கடிக் காலத்தில் வேரூன்றிய கருத்து 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்திற் சட்டவடிவம் பெற்றது. பெரும்பாலான மலையகத் தமிழர் நாடற்றவராயினர். 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகை வகுத்து இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. 2003 ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை அளித்தது. நான்கைந்து ஆண்டுகள் நீடித்த விலைவீழ்ச்சியின்போது வலுப்பெற்ற பழியைக் களைய ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன.

பொருளாதார நெருக்கடிகள் இந்நாட்டுக்குப் புதியனவல்ல. 2022 இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்தமுடியாது நின்றதையும் நாம் கண்டோம். இத்தகைய வேளைகளில் பொறுப்பாளியைத் தேடுவது மக்களின் உரிமை. அத்தேடல், விலை, நாணயம், வரி, கடன் என்பனபற்றிய முடிவுகளை எடுத்தவரிடமிருந்து தொடங்குதல் வேண்டும். அம்முடிவுகளில் எவ்விதப் பங்கும் அற்றவரிடமிருந்து அது தொடங்குமாயின், முடிவெடுத்தவர் விசாரணைக்கு உட்படாமலே தப்பிவிடுவர். முப்பதுகளில் நிகழ்ந்தது அதுவேயாகும்.